நாலு கிலோ இரும்பின் வரவு செலவு

1741 ஆகஸ்ட் 10 என்று நாள் குறிக்கப்படும் குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் தோற்ற டச்சுக்காரர்கள் விட்டுப்போனவற்றின் பட்டியலில் 389 துப்பாக்கிகள் உண்டு. சில பீரங்கிகளும் வாள்களும் உண்டு. அந்தக் காலத்துச் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி ஒன்றின் எடை ஏறக்குறைய நாலரை கிலோ. 389ஐயும் சேர்த்தால் ஒன்றே முக்கால் டன் இரும்பும் மரமும்.

இந்திய ராணுவம் இப்போது வாங்கிக்கொண்டிருக்கும் ஏ.கே.203 ரைபிளின் எடை 3.8 கிலோ. இடையில் ஓடியது 280 ஆண்டு. குறைந்த எடை முக்கால் கிலோகூட இல்லை. துப்பாக்கி என்றதும் எல்லாரும் முதலில் கேட்கும் எண் எடைதான். ஆனால் கணக்குப் புத்தகத்தில் அதிகம் அசையாத பத்தியும் அதுதான். பணமும் தகராறும் உயிர்ச்சேதமும் பக்கத்துப் பத்திகளில் கிடக்கின்றன: தோட்டா, மேகசின், எண்ணெய், மேலே மாட்டும் சாமான்கள்.

முதலில் பழைய செலவை எழுதிவிடுவோம். 1753இல் திருவிதாங்கூரும் டச்சுக் கம்பெனியும் மாவேலிக்கரையில் ஒப்பந்தம் போட்டன. கண்டி என்ற எடை அளவுக்கு 65 ரூபாய் விலையில் 3,000 கண்டி மிளகு கம்பெனிக்கு. ஆண்டுக்கு 12,000 ரூபாய் மதிப்புள்ள ஆயுதமும் வெடிமருந்தும் அரசனுக்கு. 12,000ஐ 65ஆல் வகுத்தால் 184.6. ஆண்டுதோறும் சுமார் 185 கண்டி மிளகின் விலை ஆயுதச் செலவுக்குப் போயிருக்கிறது. தோற்றவனிடமே துப்பாக்கி வாங்கியது மட்டுமல்ல, தோற்ற படையில் சிறைப்பட்ட டிலனாயையே வைத்துப் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலையும் நடந்தது. டிலனாய் 1777இல் இறந்து அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். 1704இல் பத்மநாபபுரத்தில் மெய்க்காவல் படையாகத் தோன்றியதாகத் தன் வரலாற்றைச் சொல்லும் 9ஆவது மெட்ராஸ் பட்டாலியன் இன்றும் இந்திய ராணுவத்தில் இருக்கிறது. சக்கிமுக்கிக் கல்லில் ஆரம்பித்து .303, எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் என்று எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்த்த பரம்பரை அது.

எஸ்.எல்.ஆரிலிருந்து விரிவாகப் பார்க்கலாம். செல்ஃப் லோடிங் ரைபிள் என்ற முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும். வெடித்த வாயுவில் ஒரு பங்கு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிவைக்கும். மறுபடி இழுத்தால் மறுபடி ஒன்று. விசையை அழுத்திப் பிடித்தால் சடசடவென்று பொழியாது. பெல்ஜியத்தின் ஃபால் ரைபிளில் அந்த வசதி இருந்தது. பிரிட்டன் தன் வடிவத்தில் அதை எடுத்துவிட்டது, இந்தியாவும் அப்படியே செய்தது. 1962இல் இமயமலையில் .303 போல்ட் ரைபிளோடு சீனரை எதிர்கொண்ட அனுபவத்துக்குப் பிறகு, மேற்கு வங்கத்து இஷாப்பூரில் இது பெருமளவில் தயாரானது. 1966இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இந்த ரைபிளோடுதான் தன் கணக்கைத் திறந்தது.

நீளம் 1,143 மில்லிமீட்டர். எடை மேகசின் இல்லாமல் சுமார் 4.4 கிலோ. மேகசினில் 20 தோட்டா, 7.62×51 மி.மீ. தோட்டா ஒன்று 24 கிராம் வீதம் 480 கிராம், வெறும் மேகசின் 250 கிராம், ஆக 730. ரைபிளோடு சேர்த்தால் 5.1 கிலோவுக்கு மேல். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். எஸ்.எல்.ஆரும் பிடித்தவர், இன்சாஸும் பிடித்தவர். எடையைப் பற்றிக் கேட்டால், "ஓடும்போ கனம் தெரியாது மக்கா, சுடும்போ அந்தக் கனம் நமக்கு ஒதவும்" என்பார். சொல்வது பௌதிகம்தான். குண்டின் எடை, வேகம், மருந்தின் எடை, ரைபிளின் எடை இவற்றை வைத்துத் தோராயமாகப் போட்டால் எஸ்.எல்.ஆர். தோளில் தரும் உதை 15 ஜூல் அளவு. ஏ.கே.203இல் அது 7, இன்சாஸில் 4. அதே 7.62×51 தோட்டாவை வைத்துக்கொண்டு ரைபிளில் மட்டும் ஒரு கிலோவைக் குறைத்தால் உதை 15இலிருந்து 18, 19 என்று ஏறும். எடைப் பத்தியில் செலவாக எழுதப்படும் ஒவ்வொரு நூறு கிராமும் உதைப் பத்தியில் வரவு. பிரிட்டன் தொடர் வெடியை எடுத்துவிட்டதும் இதனால்தான். இவ்வளவு உதைக்கிற தோட்டாவைத் தொடர்ந்து சுட்டால் மூன்றாவது குண்டு ஆகாயத்துக்குப் போகும்; தோட்டாவும் வீண்.

ரைபிளை மட்டும் தராசில் வைப்பது பாதிக் கணக்கு. ஒருவனுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் சேர்த்து 10 கிலோ என்று வரம்பு கட்டிப் பாருங்கள். மேகசின், பை எல்லாம் தள்ளி, வெறும் தோட்டாவை மட்டும் எண்ணினால்:

குளச்சல் காலத்துத் துப்பாக்கி, 4.5 கிலோ. ஈயக் குண்டும் மருந்தும் 43 கிராம். சுமார் 125 வெடி.
.303 லீ என்ஃபீல்டு, 3.96 கிலோ. தோட்டா 25 கிராம். 240.
எஸ்.எல்.ஆர்., 4.4 கிலோ. தோட்டா 24 கிராம். 233.
இன்சாஸ், 4.15 கிலோ. தோட்டா 12 கிராம். 487.
ஏ.கே.203, 3.8 கிலோ. தோட்டா 16.3 கிராம். 380.
சிக் 716, சுமார் 4 கிலோ. தோட்டா 24 கிராம். 250.

எஸ்.எல்.ஆருக்குப் பதிலாக இன்சாஸ் வந்தபோது ரைபிளின் எடையில் மிச்சமானது கால் கிலோ. அது பெரிய சங்கதி இல்லை. தோட்டாவின் எடை பாதியானதால் சுமக்கும் வெடிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. லாபம் முழுவதும் அங்கேதான். அதற்குக் கொடுத்த விலை: எஸ்.எல்.ஆர். குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் ஆற்றல் 3,350 ஜூல், இன்சாஸில் 1,620. 2019இல் சிக் 716 வாங்கியதன் மூலம் ராணுவம் முன்வரிசைக் காலாட்படைக்கு மறுபடியும் 24 கிராம் தோட்டாவுக்கே போனது. அடித்தால் விழ வேண்டும், தூரத்திலும் விழ வேண்டும் என்பது காரணம். அந்த முடிவு சரியா தப்பா என்று சண்டை போடுகிறவர்கள் பலர். எனக்குப் படுவது இவ்வளவுதான்: இருபது வருஷம் முன்பு பாதியாக்கிய சுமையை அந்த வரிசைக்குத் திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். கொள்முதல் செய்திகளில் அடிபட்டது ரைபிளின் பெயரும் விலையும், 487 என்பது 250 ஆன கதை இல்லை.

நீளத்துக்கும் ஒரு வரி. 1987இல் இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணம் போனபோது காலாட்படையின் கையில் இருந்தது இந்த 1,143 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர்.தான். எதிரே இருந்தவர்கள் ஏ.கே. வகையில், 30 தோட்டா மேகசினோடு. பனந்தோப்பும் வேலியும் ஒழுங்கையும் உள்ள ஊர். அங்கே ஒரு சாண் நீளம் குறைந்த துப்பாக்கிக்கும் கூடுதலான 10 தோட்டாவுக்கும் என்ன மதிப்பு என்பதைப் படை உடம்பால் தெரிந்துகொண்டது. 1990-92இல் இன்சாஸ் தயாராகாத நிலையில் இந்தியா வெளிநாடுகளிலிருந்து 1,00,000 ஏ.கே. வகை ரைபிள்களை இடைக்கால ஏற்பாடாக வாங்கியது.

இனி நம்பகம். இதை எண்ணால் சொல்ல முடியாது என்று நினைக்கிறவர்கள் 1834இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் நடந்த சோதனையைப் பார்க்க வேண்டும். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி, தொப்பி வைத்த புதுத் துப்பாக்கி, இரண்டிலும் தலா 6,000 வெடி. கல் துப்பாக்கி 922 முறை வெடிக்கவில்லை. தொப்பி வைத்தது 36 முறை. ஆறரை வெடிக்கு ஒன்று வீண் என்பது, 166க்கு ஒன்று என்று ஆனது. கல் துப்பாக்கியில் தொடர்ந்து 20 வெடி தடங்கலில்லாமல் போக வாய்ப்பு 28இல் ஒன்று. கர்க்கடக மழையில், கடல் காற்றில், குளச்சலில் அது இன்னும் மோசமாகத்தான் இருந்திருக்கும். அந்த மழையில் வாளும் வில்லும் வைத்திருந்தவன் துப்பாக்கிக்காரனைவிட ஒன்றும் பின்தங்கியவன் இல்லை.

இன்னொரு சோதனை 2007இன் கடைசியில் அமெரிக்க ராணுவம் நடத்தியது. நான்கு வகை ரைபிள், வகைக்குப் பத்து, ஒவ்வொன்றிலும் 6,000 வெடி, வேண்டுமென்றே தூசி தூவிய அறை. வகைக்கு 60,000 வெடியில் எம்4 882 முறை நின்றது. ஹெக்லர் காக் 416 233, ஸ்கார் 226, எக்ஸ்எம்8 127. எம்4இல் 68 வெடிக்கு ஒரு தடங்கல், எக்ஸ்எம்8இல் 472க்கு ஒன்று. 20 தோட்டா உள்ள ஒரு மேகசினை எடுத்துக்கொண்டால், எம்4இல் நாலு மேகசினுக்கு ஒன்று நடுவே நிற்கும். எக்ஸ்எம்8இல் இருபத்துநாலுக்கு ஒன்று.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த எண்கள் இரண்டு. முதலாவது 307. அதே எம்4 சில மாதம் முன்பு, அந்தக் கோடையில், அதே மாதிரிச் சோதனையில் 307 முறைதான் நின்றிருந்தது. அப்போது 307, பிறகு 882. நம்பகம் என்பது துப்பாக்கியின் நெற்றியில் எழுதிவைத்த எண் இல்லை. அன்றைய தூசி, அன்றைய ஈரம், அன்றைக்கு யார் எண்ணெய் போட்டார்கள் என்பதெல்லாம் சேர்ந்தது. இரண்டாவது எண் 239. அந்த 882இல் 239 தடங்கலுக்குக் காரணம் ரைபிளே இல்லை, மேகசின். நூற்றுக்கு 27. தகடும் ஸ்பிரிங்கும் கொண்ட ஒரு டப்பா. மொத்தச் சாமானில் விலை குறைந்த உறுப்பு.

இதைக் கையில் வைத்துக்கொண்டு இன்சாஸ் வரலாற்றைப் படித்தால் பல புகார்கள் வரிசைக்கு வந்துவிடும். புனேயின் ஆயுத ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்தது. உடல் ஏ.கே. சாயல், கேஸ் ரெகுலேட்டர் ஃபால் வழி. ஒற்றை வெடியும் மூன்று வெடித் தொடரும் உண்டு. முழுத் தொடர் கிடையாது. மேகசின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், எத்தனை தோட்டா மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும். எடையும் சுமார் 100 கிராம்தான், எஸ்.எல்.ஆரின் இரும்பு மேகசினில் பாதிகூட இல்லை. நல்ல யோசனை. 1999 கார்கிலில், பூஜ்யத்துக்குக் கீழே போன குளிரில், அந்த மேகசின் விரிசல் விட்டது. ரைபிள் அடைத்துக்கொண்டது, எண்ணெய் கண்ணில் தெறித்தது, மூன்றில் நிற்க வேண்டியது நிற்காமல் ஓடியது என்றெல்லாம் புகார் எழுந்தது. 150 கிராமை மிச்சம்பிடித்த இடத்தில் மொத்த நாலு கிலோவும் சும்மா ஆனது.

2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காலிகோட் மாவட்டத்தில் மாவோயிஸ்டுகளோடு நடந்த நீண்ட சண்டையில் 43 நேபாளப் படையினர் இறந்தார்கள். இன்சாஸ் சரியாக வேலை செய்யவில்லை என்று நேபாள ராணுவம் சொன்னது. பராமரிப்பும் கையாண்ட விதமும் சரியில்லை என்று இந்தியத் தரப்பு சொன்னது. இரண்டு பேரும் ஒரே பத்தியைத்தான் இரண்டு பக்கத்திலிருந்து படித்தார்கள் என்று நினைக்கிறேன். தினமும் துடைத்து எண்ணெய் போட்டால்தான் ஓடும் துப்பாக்கி, துடைக்க நேரம் கிடைக்காத நீண்ட சண்டையில் ஓடாது. அதைப் பராமரிப்புக் குறை என்று எழுதுவதா, வடிவமைப்புக் குறை என்று எழுதுவதா என்பது கணக்கு எழுதுகிறவன் யார் பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் பொறுத்தது.

எஸ்.எல்.ஆர். இந்த இடத்தில் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தது. பிஸ்டனுக்குப் போகும் வாயுவின் அளவைச் சிப்பாயே கூட்டிக் குறைக்கலாம். குழலுக்குப் பக்கத்தில் திருகும் வளையம் ஒன்று. ரெகுலேட்டரைத் திறந்துகொண்டே போய், எந்த இடத்தில் ரைபிள் தடுமாற ஆரம்பிக்கிறதோ அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இரண்டு கிளிக் மூடி வைக்க வேண்டும். அந்த இரண்டு கிளிக்தான் அழுக்குக்கும் மணலுக்கும் ஒதுக்கிவைத்த முதல். சண்டை நடுவே அழுக்கேறி நின்றால் இன்னும் ஒரு கிளிக். சுபேதார் இதைச் சொல்லும்போது இப்போதும் விரல் தானாகத் திருகும். ஏ.கே.யில் அந்த வளையமே கிடையாது. தேவைக்கு மேலே வாயுவை எப்போதும் அனுப்பி, உள்ளே இடைவெளியைத் தாராளமாக விட்டு, சிப்பாய் ஒன்றும் செய்யாமலே ஓடும்படி செய்தார்கள். நுணுக்கமான குறி கொஞ்சம் போனது, சந்தேகம் போனது. பெரும்படைக்கு இரண்டாவது வழிதான் மலிவு. முதலாவது வழி, கற்றுக்கொடுக்க நாளும் தோட்டாவும் இருக்கும் படைக்கு.

நம்மூர்க் காற்றுக்கு வருவோம். குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். கரையில் உப்பு எப்போதும் இருக்கும். கன்னியாகுமரி, குளச்சல் கடலோரக் காவல் நிலையங்களில் இருக்கும் எந்த ரைபிளுக்கும் முதல் எதிரி துருதான். இரும்பை பாஸ்பேட் பூச்சில் முக்கியெடுத்தால் அந்தச் சொரசொரப்பு எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். குழலின் உட்புறத்துக்குக் குரோமியம் பூசலாம். எண்ணெய் இல்லாமல் இங்கே ஒரு வாரம் தாங்காது. ராஜஸ்தானிலோ எண்ணெய் அதிகமானால் மணல் ஒட்டிக் களிம்பாகும். ஒரே ரைபிள், ஒரே புத்தகம், இரண்டு ஊருக்கு இரண்டு அளவு எண்ணெய். .303 காலத்தில் உப்பு உள்ளேயும் இருந்தது. அந்தத் தோட்டாவின் கேப்பில் இருந்த ரசாயனம் எரிந்தபின் குழலுக்குள் உப்பாகப் படியும். அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்டு முடித்ததும் குழலுக்குள் கொதிநீர் ஊற்றி, புல்த்ரூ கயிற்றில் துணி கட்டி இழுத்து, அப்புறம்தான் எண்ணெய். வெந்நீர் ஊற்றச் சோம்பல்பட்டவனின் பேரலில் மறுநாளே குழி விழும்.

மாற்றியமைப்பது என்ற பத்தி இன்றைக்குப் பெரிதாகிவிட்டது. முன்பு அதற்கு ஒரே பொருள்: ஆளுக்கு ஏற்ற அளவு. லீ என்ஃபீல்டின் மரப் பட் நான்கு நீளத்தில் வந்தது. சாதாரணம், அதைவிட அரை அங்குலம் நீண்டது, அரை அங்குலம் குறைந்தது, பேன்டம் என்று ஒரு அங்குலம் குறைந்தது. முத்திரையாக ஒரு எழுத்து. கை குட்டையான சிப்பாய்க்கு நீண்ட பட்டைக் கொடுத்தால் கன்னம் சரியாகப் படியாது, கண் குறியிலிருந்து விலகும், தோள் வலிக்கும். அரை அங்குல மரத்துண்டுக்கு ஆன செலவு சொற்பம், அதனால் வந்த குறித்திறன் அதிகம். எனக்குத் தெரிந்து மொத்தக் கணக்கிலும் போட்ட காசுக்கு அதிகம் திருப்பிக் கொடுத்த வரி இதுதான். நாகர்கோவில் கல்லூரிகளில் என்.சி.சி.யில் சேர்ந்த பையன்கள் கையில் வரும் .22 ரைபிளிலும் இந்த வித்தியாசத்தை உணரலாம். டீலக்ஸ் வகை 6 பவுண்டு 2 அவுன்ஸ், அதாவது 2.78 கிலோ. பழைய மார்க் 4 வகை 8 பவுண்டு பத்தரை அவுன்ஸ், 3.93 கிலோ. முதல் வருஷத்துப் பிள்ளைகள் டீலக்ஸுக்காக அடித்துக்கொள்வார்கள். ஆனால் படுத்துச் சுடும் இலக்கில் கனத்த மார்க் 4 ஆடாமல் நிற்கும்.

இப்போது மாற்றியமைப்பது என்றால் ரெயில். அமெரிக்க ராணுவம் 1995இல் தரப்படுத்திய பிக்காட்டினி ரெயில்: 5.23 மி.மீ. அகலப் பள்ளங்கள், ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மி.மீ. அந்த இரண்டு எண்ணுக்குள் அடங்கினால் உலகத்தில் எவன் செய்த சாமானும் எந்த ரைபிளிலும் உட்காரும். சிக் 716 இதோடு பிறந்தது. ஏ.கே.203லும் மேல்மூடியிலும் முன்பிடியிலும் உண்டு, தோளில் வைக்கும் பட் மடங்கும், நீளவும் செய்யும். எஸ்.எல்.ஆரிலும் பழைய இன்சாஸிலும் இல்லை. இதனால் வரும் லாபம் உண்மையானது. சிவப்புப் புள்ளி காட்டும் ஆப்டிக் வைத்தவன், இரும்புக் குறியை ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டிருப்பவனைவிடச் சீக்கிரம் சுடுவான், அந்தி வெளிச்சத்திலும் சுடுவான்.

எடைப் பத்தியில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். ஏ.கே.203 3.8 கிலோ. 30 தோட்டா நிரம்பிய மேகசின் முக்கால் கிலோ. தாங்கியோடு ஆப்டிக் 300 கிராம். லேசர் 200. முன்பிடிக் கைப்பிடி 100. வார் 150. கூட்டினால் 5.3 கிலோ. நிரம்பிய எஸ்.எல்.ஆரை அதே வாரோடு தூக்கினாலும் 5.3 கிலோதான். ரைபிள் செய்தவன் இறக்கிவைத்த ஒவ்வொரு கிராமையும் ரெயில் திரும்ப ஏற்றிவிட்டது. இரவுக் காட்சிக் கருவி வேண்டுமானால் இன்னும் கூட்ட வேண்டும், அதற்கு பேட்டரியும். பேட்டரி தீர்ந்தால் அந்தச் சாமான் வெறும் பாரம்.

மாற்றியமைக்கும் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2011 டெண்டர் நல்ல பாடம். ஒரே ரைபிள், குழலை மாற்றினால் 5.56ம் சுட வேண்டும், 7.62×39ம் சுட வேண்டும். எடை 3.6 கிலோவுக்குள். எண்ணிக்கை 66,000. இத்தாலி, செக், இஸ்ரேல், அமெரிக்கா, சுவிட்சர்லாந்து வடிவங்கள் போட்டிக்கு வந்தன. 2015இல் டெண்டர் ரத்தானது. வாங்கியது பூஜ்யம். இரண்டு குழல் என்றால் இரண்டு மேகசின், இரண்டு தோட்டா வழங்கல், மாற்றும்போதெல்லாம் குறியை மறுபடி சரிபார்ப்பது. காகிதத்தில் ஒரு வரியாக இருந்தது கிடங்கில் நாலு வரி ஆகும். நாலு வருஷம் போனதுதான் செலவு, அந்த நாலு வருஷமும் சிப்பாய் இன்சாஸோடுதான் இருந்தான்.

ரூபாய்க் கணக்கு இனிச் சுருக்கமாக. 2019 பிப்ரவரியில் 72,400 சிக் 716, ஏறத்தாழ 647 கோடி ரூபாய். ஒன்றுக்கு 89,364. 2024 ஆகஸ்டில் இன்னும் 73,000, சுமார் 837 கோடி. ஒன்றுக்கு 1,14,657. ஐந்தரை வருஷத்தில் 28 சதவீத ஏற்றம். 2021 டிசம்பரில் ரஷ்யாவோடு 6,01,427 ஏ.கே.203க்கு ஒப்பந்தம், 5,124 கோடி. ஒன்றுக்கு 85,197. இதை உத்தரப் பிரதேசம் கோர்வாவில் இந்தியாவிலேயே செய்வது, இங்கேயே உதிரி கிடைப்பது என்பதையும் அந்த விலைக்குள் வைத்துப் படிக்க வேண்டும்; சிக் கப்பலில் வருவது. இந்த எண்களில் பயிற்சித் தோட்டா இல்லை, ஆப்டிக் இல்லை. 2019இல் வாங்கிய சிக்குகளுக்கு ஆப்டிக்கைப் பிறகு தனியாகத் தேட வேண்டியிருந்தது. 89,364 என்பது ரெயிலின் விலை; ரெயிலில் மாட்டும் சாமானின் விலை அடுத்த ஃபைலில்.

திருச்சி தொழிற்சாலை 2021 அக்டோபர் 1 முதல் கான்பூரைத் தலைமையாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்யூப்மென்ட் நிறுவனத்தின் கீழ் போய்விட்டது. அங்கே ஏ.கே. வழியில் திருச்சி அசால்ட் ரைபிள் என்று ஒன்றைச் செய்து மாநிலக் காவல் படைகளுக்கும் மத்தியப் படைகளுக்கும் விற்கிறார்கள். ராணுவத்தின் ஆறு லட்சம் ஏ.கே.203 கோர்வாவுக்குப் போனதில் திருச்சிக்காரர்களுக்கு மனத்தாங்கல் உண்டு. எண்களைப் பார்த்தால் இல்லாமல் இருக்குமா?

தனி ஆளுக்கு இதில் எதுவும் கிடையாது. ரப்பர் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்குகிறது, எஸ்.எல்.ஆர். மாதிரி ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஆயுதச் சட்டம் 1959ம் 2016 விதிகளும் .303, 7.62 என்ற ராணுவ விட்டங்களைச் சாதாரண உரிமத்துக்கு வெளியே வைத்திருக்கின்றன, போல்ட் ஆனாலும் தானே ஏற்றிக்கொள்வது ஆனாலும். அந்த வேலியைச் சுற்றிப் பிறந்ததுதான் இஷாப்பூரின் .315 வேட்டை ரைபிள். லீ என்ஃபீல்டின் உடம்பு, ராணுவத் தோட்டா ஏறாத விட்டம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. தேர்தல் வந்தால் அந்த இரண்டும் காவல் நிலையத்துக்குப் போகும்.

கோர்வாவிலிருந்து 2024 நடுவில் ராணுவத்தின் கைக்கு வந்திருந்தது 35,000 ஏ.கே.203. ஆறு லட்சத்தில் ஆறு சதவீதம் எட்டவில்லை. மிச்சம் வந்து சேரும்வரை இன்சாஸ் இருக்கும். வந்து சேர்ந்த பிறகும் இருக்கும், ராணுவத்தில் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு மாநிலப் போலீஸின் ஆயுத அறையில். .303க்கு அதுதான் நடந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதை 1945இல் எடுத்துக்கொண்டது, விடைகொடுத்தது 2020 குடியரசு நாள் அணிவகுப்பில். 75 வருஷம். டெல்லி அணிவகுப்பில் இன்சாஸ் முதலில் காட்டப்பட்டது 1998இல். அதே கணக்குப்படி 2073 வரை அதற்கு யாராவது மேகசின் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.